செம்மறி மேய்ந்த பச்சை

கருமலைக் கோனாருக்கு நிலம் கிடையாது, வீடும் கிடையாது. ஒரு செம்மறிக் கிடை இருந்தது. அதைக் காட்டித்தான் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். பங்குனியில் கல்யாணம். அந்தக் கிடைக்கு வந்த கேட்டைச் சொல்கிறேன், காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

ஐப்பசி மழை விட்டதும் ஊர்ப் பெரிய நிலக்காரர் நல்லமுத்து அவருக்கு ஆள் அனுப்பினார். வருஷா வருஷம் கோழிப்பண்ணை எருவைக் கொட்டிக் கொட்டி அவருடைய காடு கெட்டுப்போயிருந்தது. விதைத்த பயிர் எழும்பவில்லை. ஆட்டுப் புழுக்கை விழுந்தால் மண் தேறும் என்று நினைத்தார். எரு இறைத்த இடமெல்லாம் புல் மட்டும் முழங்கால் உயரம் மண்டிக் கிடந்தது.

"கோடை வரைக்கும் இங்கேயே கிடை போடும், கோனாரே. வயிறார மேயட்டும்."

"இம்புட்டுப் பச்சையா! சாமி கண்ணத் தொறந்துட்டாரு, அண்ணாச்சி."

தண்ணீர் குடிக்க நல்லமுத்து வீட்டுக்குப் போனபோது, கொல்லையில் இரண்டு செம்மறிகள் விலைக்கு வாங்கிய வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் இன்னொரு முளை, கயிறோடு, வெறுமனே நின்றது. பெரிய வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று கருமலை பேசாமல் வந்துவிட்டார்.

மாசியில் ஆடுகள் தலையைத் தொங்கப்போட்டன. கண் மஞ்சளித்தது, மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. விழுந்த ஆடு எழவில்லை. கிடையோடு மேய்ந்த சில வெள்ளாடுகள் மட்டும் தப்பின. மாட்டு டாக்டர் செத்ததை அறுத்துச் சோதித்தார்.

"ஈரல்ல செம்பு ஏறியிருக்கு. கோழித் தீவனத்துல மயில்துத்தம்னு ஒரு செம்பு உப்பக் கலக்குறாங்க. அது எருவுல வந்து, புல்லோட உள்ள போயிருக்கு. வெள்ளாடு தாங்கும், செம்மறி தாங்காது."

ஊர் கூடியது. "கோழிக்குச் சீக்கு வராம இருக்கத்தானே போட்டேன்? செம்மறிக்கா போட்டேன்?" என்றார் அந்த எருவை விற்ற கோழிப்பண்ணைக்கார ஜெயபால்.

"மண்ணுக்குத்தானே எரு போட்டேன்? எருவுல என்ன இருக்குன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்றார் நல்லமுத்து. "மேய்ச்சது நீர்தானய்யா?"

"ஆமா, நாந்தான் மேய்ச்சேன்," என்று கருமலை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இந்த மூவரில் கிடையைக் கொன்ற பழி யாரைச் சேரும்?

விடை: நல்லமுத்துவை. ஜெயபாலுக்குச் செம்மறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கருமலைக்கு எருவைப் பற்றித் தெரியாது. சொந்தக் காட்டில் முழங்கால் புல் நிற்கும்போது எவனாவது காசு கொடுத்து வைக்கோல் வாங்குவானா? அந்த வெறும் முளையில் கட்டியிருந்த ஆடு அந்தப் புல்லைத் தின்றுதான் செத்திருந்தது; அது தெரிந்துதான் மிச்ச இரண்டுக்கும் வைக்கோல் போட்டார். கல்யாணப் பேச்சு முறிந்து, ஊரைவிட்டுக் கிளம்பி அந்தக் கொல்லையைத் தாண்டும்போதுதான் கருமலைக்கு இது உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"அன்னைக்கே கேட்டிருக்கணும், தாயி," என்றார்.