ஒன்பது கல் பதித்த வாள்

"குருவே, எங்கிட்ட இன்னும் மூணு கல் இருக்கு. வாள்ல பதிக்கட்டுமா, கவசத்துல பதிக்கட்டுமா?"

கேட்டவர் செல்லத்துரை. வயது நாற்பத்திரண்டு. தூத்துக்குடியில் லாரி புக்கிங் ஆபீஸ். கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் போய்விட்டால் ஆள் வேறு. அங்கே அவர் பெயர் இடிமுழக்கன். தங்கக் கவசம், கொம்பு வைத்த தலைக்கவசம், பலம் கூட்டும் கற்கள் ஒன்பதைப் பதித்த வாள். அந்த வாளின் ஜொலிப்புக்கு ஊரே திரும்பிப் பார்க்கும்.

குரு இசக்கியம்மாள். வயது பத்தொன்பது. விளையாட்டுக்குள் அவள் பெயர் மோர்க்குழம்பு. ஒரு பழைய துண்டும் மூங்கில் கம்பும்தான் சொத்து. எந்நேரமும் குளக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் தன்னந்தனியாகப் போய்க் கருங்கால் அசுரனைச் சாய்த்தவள் அந்த உலகத்திலேயே அவள் ஒருத்திதான். எப்படி என்று கேட்டால் மீனைக் காட்டுவாள்.

"கல் எதுக்கு அண்ணாச்சி?" ஹெட்செட்டில் அவள் குரல் வந்தது.

"கருங்கால் அசுரன் என்னைப் பத்தொன்பது தடவை கொன்னுட்டான். இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டாளிகளோட திரும்பவும் போறோம். இந்தத் தடவையும் நான் விழுந்தா, முன்வரிசையில வேற ஆளு. நான் பின்னால நின்னு மூட்டை தூக்கணுமாம். எங்க கூட்டத் தலைவன் சேவியர் சொல்லிட்டான்."

சிரிக்காதீர்கள். நாலு மாசமாக அந்த மனுஷனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அந்த முன்வரிசைதான்.

"அடிக்கறதுக்கு முன்னால அவன் என்ன செய்வான்?"

"யாரு?"

"அசுரன்தான்."

செல்லத்துரை யோசித்தார். தலையைச் சொறிந்தார்.

"கோபப்படுவான்," என்றார்.

மோர்க்குழம்பு ஒரு கெண்டையைத் தூக்கிக் கூடையில் போட்டாள்.

"எல்லாத்தையும் கழட்டுங்க அண்ணாச்சி. வாளையும் வச்சிருங்க. என் கம்பை எடுத்துட்டுப் போங்க. அடிக்க வேண்டாம். பாத்துட்டு மட்டும் வாங்க."

"வெறும் உடம்போடவா? ஒரே அடியில செத்துருவேனே!"

"கவசத்தோட போயும் செத்துட்டுத்தான வாறீய?"

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கம்பை வாங்கிக்கொண்டு போனார். கண் மூடித் திறப்பதற்குள் செத்தார். அந்த உலகத்தில் செத்தவர்கள் எழுவது இதே குளக்கரையில்தான்.

"என்ன பாத்தீய?"

"ஒண்ணும் பாக்கல."

"திரும்பப் போங்க."

போனார். செத்தார்.

"என்ன பாத்தீய?"

"அவன் மூக்குத்தி போட்டிருக்கான், குருவே!"

"அடடே! நல்லது. போங்க."

மூன்றாவது தடவையும் செத்தார். நாலாவது தடவை செல்லத்துரை சாகவில்லை. உயிரோடு, மூச்சு வாங்க, ஓடியே வந்தார்.

"குதிகால்! அடிக்கப் போறதுக்கு முன்னால வலது குதிகாலை மண்ணுல அழுத்துதான். அந்த நேரம் பாத்து இடப்பக்கம் துள்ளிட்டா அடி நம்ம மேல படல. ஆறு அடி தப்பிச்சிட்டேன், ஆறு!"

"சரி. இப்ப உங்க உருப்படியெல்லாம் மாட்டிட்டுப் போங்க."

இனி என்ன கவலை? கவசத்தை மாட்டினார், வாளை உருவினார், கல்யாண மாப்பிள்ளை மிடுக்கோடு போனார். மூன்றாவது அடியில் மண்ணைக் கவ்வினார்.

குளக்கரையில் எழுந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"குதிகால் தெரியலையே, குருவே! இப்பத்தான பாத்தேன்! இப்பப் போனா ஒரே தீ. இடுப்புக்குக் கீழ தீயைத் தவிர ஒண்ணுமே தெரியல."

"அது யாரு தீ?"

"அவன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

கையிலிருந்த வாளைப் பார்த்தார். கல்லுக்கு ஒரு சுடராக ஒன்பது சுடர் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த குளம்கூட அவருக்குத் தெரியவில்லை.

மோர்க்குழம்பு தூண்டிலை எறிந்துவிட்டு மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லத்துரை எழுந்து கொல்லன் பட்டறைக்கு நடந்தார். பதித்த கல்லைப் பிடுங்கினால் அது தூளாகிவிடும். நாலு மாச உழைப்பு. "நிச்சயமாகவா?" என்று திரை கேட்டது. ஒவ்வொரு கல்லுக்கும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் "ஆமாம்" என்று அழுத்தினார்.

"அண்ணாச்சி, மணி பதினொண்ணு ஆச்சு! எங்க இருக்கீய?" ஹெட்செட்டில் சேவியர் கத்தினான். "வாளைத் தீட்டியாச்சா இல்லையா?"

"அணைச்சிட்டு இருக்கேன்டே," என்றார் செல்லத்துரை. "இன்னும் ரெண்டு சுடர்தான் பாக்கி."