வலைக்கு அந்தப் பக்கம்

ஏரல் பெண்கள் வாலிபால் அணியின் பயிற்சியாளர் பிலோமினா டீச்சர். அவரிடம் ஆடப் பழகி, நாட்டுக்காக ஆடி ஓய்வுபெற்று, இப்போது சென்னை அணிக்கு மேலாளராக இருப்பவள் வளர்மதி. ஏரலும் சேர்த்து எட்டு அணிகள் ஆடும் லீக்கிலேயே பணக்கார அணி அது. மூன்று வருடமாகக் கோப்பை அவர்களிடம்தான்.

ஒரு சனிக்கிழமை மாலை, பயிற்சி நேரத்தில், வளர்மதி ஏரல் மைதானத்தில் வந்து இறங்கினாள்.

“வாட்டி. சாப்பிட்டியா?”

“ஆச்சு டீச்சர். உங்க இசக்கியம்மாள எங்க அணிக்குக் கேக்க வந்திருக்கேன். வருஷத்துக்குப் பதினஞ்சு லட்சம்.”

ஏரல் அணியின் பன்னிரண்டு பேர் சம்பளத்தையும் கூட்டினால்கூட அவ்வளவு வராது.

டீச்சர் முகம் சுளிக்கவில்லை. “அவகிட்டயே கேளு. அந்தக் கைக்கு அவ்வளவும் தகும்.”

இசக்கியம்மாள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தார். இசக்கியம்மாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

வந்த வேலை முடிந்தும் வளர்மதி கிளம்பவில்லை.

“நாளைக்கு லீக் கூட்டம் டீச்சர். டிவிக்காரங்க தர்ற பணத்த எட்டு அணியும் சமமாப் பிரிச்சுக்கணும்னு பேச்சு வருது. இப்ப பாதிக்கு மேல எங்களுக்குத்தான் வருது. விட்டுக்கொடுக்காதேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. நான்தான் பேசணும்.”

“பேசு.”

“எங்களாலதான் கூட்டம் வருது. எங்க காசு, நாங்க நல்ல ஆளா எடுக்கோம். இதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க.”

டீச்சர் விசில் ஊதினார். பெண்கள் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள்.

“பயிற்சி ஆட்டம் வைக்கணும். ஒரு அணி உனக்கு. ஆள எடு.”

வளர்மதிக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. இசக்கியம்மாளை முதலில் எடுத்தாள். உயரமான இருவர், அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கக் கை சுத்தமான செட்டர் ஒருத்தி என்று பார்த்துப் பார்த்து ஆறு பேரை எடுத்தாள்.

“இன்னும் எடு.”

“ஆறு போதுமே டீச்சர்.”

“சென்னையில எத்தன பேர வச்சிருக்க?”

“பதினாறு. பத்துப் பேரு வெளியதான் உக்காந்திருப்பாங்க.”

“அப்ப எடு.”

ஒருத்தி மிச்சமில்லாமல் பன்னிரண்டு பேரையும் எடுத்தாள். ஆறு பேர் உள்ளே போனார்கள். ஆறு பேர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். டீச்சர் நடுவர் நாற்காலியில் ஏறி விசிலைக் கடித்தார்.

இசக்கியம்மாள் சர்வீஸ் போட்டாள். பந்து வலையைத் தாண்டி, காலி மணலில் விழுந்து, வேலியோரம் வரை உருண்டது.

“ஒண்ணு.”

பந்தை எடுத்துப் போட அங்கே ஆளில்லை. அவளே வலையைச் சுற்றிக்கொண்டு ஓடி எடுத்து வந்தாள். மறுபடி போட்டாள்.

“ரெண்டு.”

பெண்கள் சிரித்தார்கள். ஐந்தாவது புள்ளியில் சிரிப்பு நின்றது. ஏழாவதில், வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளம்பிப் போனார்கள். உள்ளே நின்ற செட்டர் குனிந்து கால்விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“ஒம்பது.”

“போதும் டீச்சர்,” என்றாள் வளர்மதி.

“ஏன்? நீதான ஜெயிச்சிட்டிருக்க?”

“இது ஆட்டமா? அந்தப் பக்கம் ஆள் வேணாமா?”

“வேணுமா?”

“வேணும். அதுவும் நல்லா ஆடுற ஆளா வேணும். இவ அடிச்சா எடுக்கணும், திருப்பி அடிக்கணும். அப்பத்தான் இவ யாருன்னே தெரியும்.”

டீச்சர் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். பந்தை எடுத்து வளர்மதியின் கையில் கொடுத்தார்.

“சரிட்டி. அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்குச் சம்பளம் யாரு கொடுப்பா?”