கடையில் ஓடும் லேப்டாப்

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் குருகுலம் ஒன்று இருந்தது. பலகையில் 'லேப்டாப் சர்வீஸ்' என்று எழுதியிருந்ததால் பலருக்கு அது தெரியாது.

குருவின் பெயர் பிலோமினா, வயது முப்பத்தொன்று. சிஷ்யர் உலகநாதனுக்கு ஐம்பத்திரண்டு. மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். சிஷ்யரைவிடக் குரு இளையவராக இருப்பதற்கு உபநிஷத்து காலத்திலேயே முன்னுதாரணம் உண்டு என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். எந்த உபநிஷத்து என்று அந்த அம்மாள் கேட்காமல் விட்டது அவர் செய்த புண்ணியம்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு மரகதவல்லி டீச்சர் ஒரே புகாரோடு மூன்றாம் முறையாகப் படியேறி வந்தார். லேப்டாப்பை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது.

“திங்கக்கெழமை புது ஓ.எஸ். போட்டுக் குடுத்தீங்க. அன்னையிலயிருந்து வீட்டுல வைஃபை எடுக்கல. இங்க கொண்டாந்தா எடுக்குது. நான் என்ன உங்க கடையிலயா குடியிருக்கேன்?”

உலகநாதன் திறந்து பார்த்தார். கடை வைஃபையோடு அது சமர்த்தாக ஒட்டிக்கொண்டது.

“இப்பப் பாருங்க டீச்சர், ஓடுது.”

“இதத்தான் செவ்வாக்கெழமையும் சொன்னீங்க. நேத்தும் சொன்னீங்க.”

டீச்சர் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு நடத்துபவர். மூன்று நாளாகப் போனை வைத்துச் சமாளிக்கிறார். எழுதிக் காட்டுவது எறும்பு ஊர்வது போலத் தெரிகிறதாம். இன்று ஐந்து மணி வகுப்பும் அப்படியே என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மஸ்கட்டிலிருந்து பெற்றோர்கள் சொல்லிவிட்டார்கள். ஏழு பிள்ளைகள், ஏழும் ஒரே குடியிருப்பு, போனால் மொத்தமாகப் போகும்.

உலகநாதன் குருவிடம் திரும்பினார்.

“மேடம், வைஃபை டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துட்டு மறுபடி போட்டேன். நெட்வொர்க் செட்டிங் பூராத்தையும் ரீசெட் பண்ணேன். வைஃபை கார்டைக் கழத்தித் துடைச்சு மாட்டுனேன். இனிமே ஒரே வழிதான். புது ஓ.எஸ்ஸைத் தூக்கிட்டுப் பழசையே போட்டுருவோம்.”

“பழசு நல்லா இருந்துச்சா?”

“வைஃபை எடுத்துச்சு.”

“அண்ணாச்சி, வண்டிச் சாவிய எடுங்க.”

“டூல் பை?”

“வேண்டாம்.”

கமண்டலம் இல்லாமல் முனிவர் புறப்படுவது போல உலகநாதன் புறப்பட்டார்.

டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு இருபது. பிலோமினா லேப்டாப்பைத் தொடவே இல்லை. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் போல ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

“ரவுட்டர் எங்க இருக்கு டீச்சர்?”

பீரோவின் தலையில், பூ வேலை செய்த துணியால் போர்த்தியிருந்தது.

“எப்ப வாங்குனது?”

“பெரியவ கல்யாணத்துக்கு முந்தின வருஷம். பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஒரு நாளும் மக்கர் பண்ணதில்ல.”

உலகநாதன் புன்னகைத்தார். “அதுல ஒண்ணும் இல்ல மேடம். அதே வைஃபைலதான் டீச்சர் போன் ஓடுது. செவ்வாக்கெழமையே கேட்டுட்டேன்.”

“போன் எப்ப வாங்குனது டீச்சர்?”

“ரெண்டாவது பேரன் பொறந்தப்ப. எட்டு வருஷம் இருக்கும்.”

பிலோமினா அந்தப் போனை வாங்கி, அதிலிருந்தே ரவுட்டரின் செட்டிங்குக்குள் போனார். உலகநாதன் எட்டிப் பார்த்தார். வைஃபைக்குப் போட்டிருந்த பூட்டு, அதாவது அதன் பாதுகாப்பு முறை, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய வகை. பிலோமினா அதை மாற்றினார். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எரிந்தது. லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

எடுத்தது.

“என்ன மேடம் பண்ணீங்க?”

“அந்தப் பூட்டை யாரு வேணும்னாலும் ஒடைச்சிரலாம் அண்ணாச்சி. புது ஓ.எஸ்ஸுக்கு அது தெரியும். அதான் அந்தப் பக்கமே போகமாட்டேன்னு நின்னுச்சு. பழசுக்குத் தெரியாது. போனுக்கும் தெரியாது. அதுக பாட்டுக்குப் போயிட்டு வந்துச்சு.”

ஐந்து மணிக்குத் திரையில் ஏழு முகங்களும் ஒவ்வொன்றாக முளைத்தன.

“ஏ ரக்‌ஷனா, வாயில என்ன? கிளாஸ்ல முறுக்கு கெடையாது.”

டீச்சர் ஒரு பின்னத்தை எழுதினார். மஸ்கட்டிலிருந்து யாரோ ஒரு தாயின் குரல் வந்தது: “மிஸ், இன்னைக்கு எழுத்து பளிச்சுனு தெரியுது.”

இருவரும் சத்தமில்லாமல் வாசலுக்கு வந்தார்கள். உலகநாதன் சாவியைப் போட்டார். ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“அந்த லேப்டாப்ல ஒரு கோளாறும் இல்ல.”

“இல்ல.”

“இன்னும் சொல்லப்போனா, அந்த வீட்டுல சரியா இருந்தது அது ஒண்ணுதான்.”

“ஆமா.”

“அப்ப மூணு நாளா எதுக்கு அதையே நம்மகிட்ட கொண்டாந்தாங்க? நானும் அதையே போட்டு அக்குவேறு ஆணிவேறா எதுக்குப் பிரிச்சேன்?”

பிலோமினா ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டார்.

“அதத்தானே அண்ணாச்சி தூக்கிட்டு வர முடியும்.”