நாற்பத்தோரு மேற்கோள்

ஒரு காட்டுல, கோடை வந்தா தண்ணி கிடக்கிறது ஒரே ஒரு மடுவுலதான். அந்த மடுவுல ஒரு முதலை. மான்கூட்டம் கரையில நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு.

அந்த நேரம் பார்த்து, சிங்காரம்ங்கிற நரி முனைவர் பட்டத்துக்கு ஒரு ஆய்வு எழுதி முடிச்சுது. தலைப்பு, 'மடு முதலை சைவமே'. முந்நூறு தேக்கிலை, நாற்பத்தோரு மேற்கோள். பட்டம் கிடைச்ச மறுநிமிஷம் மான்கள் மடுவுல இறங்குறதா ஏற்பாடு.

முதலையைப் பத்தி வேற மாதிரி சொன்னது ஒரே ஒரு ஆளு, வால் போன முயல். வால் எங்கே போச்சுன்னும் அது சொல்லுச்சு, தண்ணிக்கு வேற வழியா வறண்ட ஆத்து மணல்ல ஒரு இடத்தையும் காட்டுச்சு. ஆனா அது எதையும் எழுதி வைக்கலை. எழுதாததை எப்படி மேற்கோள் காட்டுறது? சிங்காரம் முயலை விட்டுடுச்சு.

தேர்வு நாள் வந்துச்சு. தேர்வாளர் முள்ளம்பன்றி. சிங்காரம் மூச்சுவிடாம வாசிச்சுது. மான்களுக்குப் பாதி புரியலை, அதனால மரியாதை ரெண்டு மடங்கு ஆச்சு.

முதல் மேற்கோள் கொக்கு எழுதுனது. அதைக் காட்டி முள்ளம்பன்றி நிதானமா கேட்டுச்சு. "கொக்கு இதை யாரைப் பார்த்து எழுதுச்சு, தம்பி?"

"மந்தியைப் பார்த்துங்கய்யா."

"மந்தி?"

"உடும்பைப் பார்த்து."

"உடும்பு?"

சிங்காரம் கடைசி இலையைப் புரட்டுச்சு. மெதுவாத்தான் வாசிச்சுது. "நேர்காணல். முதலை. மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம்."

முள்ளம்பன்றி சிரிக்கலை. மத்த மேற்கோளையும் கேட்டுச்சு. எல்லாம் சுத்திச் சுத்தி அந்தச் சாப்பாட்டுலதான் வந்து நின்னுச்சு.

"ஆய்வு பிரமாதம். ஒரு இலைதான் குறையுது. நீங்களே இறங்கி ஒரு வாய் குடிச்சுட்டு வந்து அதை எழுதிடுங்க. கையெழுத்துப் போட நான் தயார்."

மடுவுல ரெண்டு கண்ணு ஆசையா மேல வந்துச்சு.

சிங்காரம் காஞ்ச உதட்டை நக்கிக்கிட்டே பின்னால நகர்ந்துச்சு. "எனக்குத் தாகம் இல்லீங்கய்யா."

மான்கள் கரையை விட்டுத் திரும்பி, முயல் காட்டுன இடத்துல ஆத்து மணலைத் தோண்டுச்சுங்க. முழங்கால் ஆழத்துலேயே ஊத்து.

தண்ணி குடிக்க நின்ன வரிசையில கடைசி ஆளு சிங்காரம். கையில முந்நூறு இலை இருந்துச்சு. ஒண்ணை மடிச்சா தொன்னை ஆச்சு.

நீதி: கூடச் சேர்ந்து பாடுற நாற்பத்தோரு பேரைக் காட்டுறதால வாதம் நிக்காது, எதிர்த்துச் சொன்ன ஒருத்தருக்குப் பதில் சொன்னாத்தான் நிக்கும்.