வளரக்கூடாது என்று ஓர் ஆணை

வெல்லத்தை மணங்குக் கணக்கில் விற்ற முன்னொரு காலத்தில், ஒரு நாட்டு இளவரசிக்கு விலை ஒன்றரை மணங்கு வெல்லம். விலை வைத்தது வியாபாரி அல்ல, பெற்ற தகப்பன். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் அவள். அதனால் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவளைத் தராசில் உட்காரவைத்து, எடைக்கு எடை வெல்லம் தருவதாக அரசர் மலைக்கோயில் முருகனுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். அரசராக இருந்துகொண்டு பொன்னை நேராமல் வெல்லத்தை நேர்ந்தாரே என்று கேட்காதீர்கள். அவரும் விலைவாசி அறிந்தவர்.

இளவரசியின் பெயர் செங்கமலம். சென்ற ஐப்பசியில் அவளுக்கு ஐந்து வயது முடிந்தபோது நின்ற விலைதான் அந்த ஒன்றரை மணங்கு.

அந்த அரசவையில் வயிரவன் என்றொரு விகடக்காரன் இருந்தான். துணிக்கடைக்காரர் மகன். கல்லாப்பெட்டி ஓரத்தில் உட்கார்ந்து பேரம் கேட்டே வளர்ந்ததால், எதிராளி வாயைத் திறக்கும்போதே அவன் எந்த விலைக்கு இறங்குவான் என்று தெரிந்துகொள்கிற புத்தி அவனுக்கு இருந்தது. அரசரைச் சிரிக்கவைப்பதோடு இன்னொரு வேலையும் அவனிடம் இருந்தது. கோட்டைக்குள் வேலை செய்யும் காவலர், சமையற்காரர், யானைப்பாகர் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் அரண்மனைச் செலவில் வருஷம் இரண்டு தடவை உடுப்பு உண்டு. சித்திரை வெயிலுக்கு மெல்லியதாக ஒன்று, ஐப்பசி மழைக்குக் கனமாக ஒன்று. அந்தப் பொறுப்பு வயிரவனுடையது. அவன் அளவுக் கயிற்றோடு வந்து உட்கார்ந்தால் ஒரு பிள்ளை முதுகில் ஏறும், ஒன்று கயிற்றைக் கடிக்கும், ஒன்று தன் பூனைக்கும் அளவெடுக்கச் சொல்லி அழும். பூனைக்கும் எடுப்பான்.

பொக்கிஷ அதிகாரி அம்பலவாணருக்கு இதெல்லாம் பிடிக்காது. கணக்கில் கெட்டிக்காரர், கை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரசர் சிரித்தால் அவருக்கு வயிறு எரியும். முப்பது வருஷம் பொக்கிஷத்தைக் காத்தும் அரசர் தன்னைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரித்ததில்லையே என்ற வருத்தம், நாளடைவில் வயிரவன்மேல் கோபமாகத் திரிந்துவிட்டது.

ஓர் ஆவணி மாதத்தில் அரசருக்கு அவைக் கூரைக்குப் பொன்தகடு வேய வேண்டும் என்று ஆசை வந்தது. பணம் எங்கே என்று கேட்டார். அம்பலவாணர் இதற்குத்தான் காத்திருந்தார்.

"பணத்தைக் கோட்டைப் பிள்ளைகள் உடுத்திக் கிழித்துவிட்டார்கள், மகாராஜா. யானையின் முகபடாம் ஒருமுறை தைத்தால் பத்து வருஷம் உழைக்கிறது. யானைப்பாகன் மகனின் சட்டை ஒரு வருஷம் வருவதில்லை."

காரணம் என்ன என்று அரசர் கேட்டார்.

"அளவெடுப்பதுதான் காரணம். வயிரவன் பருவத்துக்குப் பருவம் புதிதாக அளக்கிறான். அளக்கும்போதெல்லாம் அளவு கூடுகிறது. முப்பது வருஷக் கணக்கில் ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை. அளப்பதை நிறுத்தினால் கூடுவதும் நின்றுவிடும்."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். அரசர் சிரிக்கவில்லை. அவர் வீட்டில் சிறுத்துப்போன பாவாடையைத் தாதிகள் விடிவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த இடத்தில் புதியது மடித்துவைத்திருக்கும். ஒரு சட்டை போதாமல் போவதை அவர் கண்ணால் கண்டதே இல்லை. அம்பலவாணருக்கோ பிள்ளை இல்லை. கணக்கில் தெரிந்ததை அவர் உண்மையாகவே நம்பினார்.

அங்கேயே ஆணை பிறந்தது. சென்ற ஐப்பசியில் எடுத்த அளவே இனி மூன்று வருஷத்துக்கு அளவு. உடுப்புப் பணம் மூன்றில் ஒரு பங்கு. கூடக் கேட்டு வயிரவன் வாய் திறக்கக்கூடாது. யாராவது ஒரு தாய் சபைக்கு வந்து குறை சொன்னால், அவன் வேலையை விட்டுக் கோட்டையை விட்டுப் போய்விட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைச் சேர்க்கச் சொன்னவர் அம்பலவாணர்தான்.

வயிரவன் தலைவணங்கி ஏற்றுக்கொண்டான். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

"ஆணையில் ஓட்டை இருக்கக்கூடாது, மகாராஜா. நாளைக்கு ஒருவர் வந்து, என் பிள்ளைக்கு மட்டும் விலக்கு என்பார். இன்னொருவர், இது நீள அளவுக்குத்தான், சுற்றளவுக்கு இல்லை என்பார். பொக்கிஷ அதிகாரியே தம் வாயால் இறுக்கிச் சொன்னால் நல்லது."

அம்பலவாணருக்குச் சந்தேகம் தட்டியது. தனக்கு வேண்டிய பிள்ளைகளை நழுவவிடத்தான் இவன் வழி பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சந்துகூட விடாமல் சொன்னார். கோட்டைக்குள் வாழும் எந்தக் குழந்தையானாலும், அரண்மனைச் செலவில் நடக்கும் எந்த அளவானாலும், சென்ற ஐப்பசியில் இருந்ததே அளவு. எவருக்கும் விலக்கில்லை. அரசர் முத்திரை வைத்தார்.

வயிரவன் பணத்தை முடிந்துகொண்டு துணிக்கடைத் தெருவுக்குப் போனான். பழகிய கடைக்காரர் முடிச்சைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சட்டை வேணுமா, இல்ல, கை மட்டும் போதுமா?" என்று கேட்டார். எவ்வளவு பேசியும் கிடைத்தது வெயிலுக்கு ஆகிற மெல்லிசுத் துணிதான். ஆணைப்படி, போன வருஷத்து அளவில் தைத்து வீட்டுக்கு வீடு கொடுத்தான்.

ஐப்பசி பிறந்தது. முதல் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் யானைப்பாகன் மனைவி செல்லாயி, தன் மகன் காத்தானின் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வயிரவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"இதை மாட்டினா புள்ளையால கையத் தூக்க முடியல சாமி. தூக்கினா தொப்புள் தெரியுது."

"ஆனைக் கொட்டாரத்துல அவனுக்குக் கையத் தூக்கற அளவுக்கு என்னக்கா வேலை? ஆனைதான் தும்பிக்கையத் தூக்குதே."

செல்லாயி சிரிக்கவில்லை. "விளையாட்டுப் பேச்செல்லாம் அங்க சபையில வச்சுக்கங்க. நனைஞ்ச சட்டையோட கிடந்து ரெண்டு நாளாக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது. நான் நேராப் போயி ராசாவையே கேக்கறேன்."

வயிரவனின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. உள்ளே போய்த் தன் கம்பளியை எடுத்துவந்து அவள் தோளில் போட்டான். அவள் சபைக்குப் போனால் தன் வேலை போகும், அது பெரிதில்லை. அடுத்து வருகிறவனும் இதே ஆணைப்படிதான் தைப்பான், பிள்ளைகள் மூன்று மழைக்காலம் நனைவார்கள் என்று எடுத்துச் சொன்னான். இளவரசியின் பிறந்தநாள் வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னான்.

"அன்னைக்கு மட்டும் என்னத்தக் கிழிக்கப் போறீங்க?"

"கிழிக்க மாட்டேன்க்கா. நிறுக்கப் போறேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கம்பளி கனமாக இருந்தது. பொறுத்துக்கொண்டாள்.

பிறந்தநாள் அன்று மலைக்கோயில் மண்டபத்தில் பெரிய தராசைக் கட்டியிருந்தார்கள். வயிரவன் முதல்நாளே கோயில் மணியக்காரரைப் பார்த்து, அரச முத்திரை வைத்த ஆணையைக் காட்டி, வெல்லம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். முத்திரையைக் கண்டபின் மணியக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை.

செங்கமலம் பட்டுப் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தட்டில் ஏறி உட்கார்ந்தாள். எதிர்த்தட்டில் வெல்லத்தை அடுக்கினார்கள். அடுக்கி முடித்தார்கள். மேளம் ஓங்கியது. இளவரசியின் தட்டு தரையைவிட்டு எழும்பவே இல்லை. மேளம் தயங்கி, ஓய்ந்து, நின்றுபோனது.

தட்டு சமமானால்தான் வேண்டுதல் தீரும். அரசருக்கு முகம் சிவந்துவிட்டது. என் மகள் வெல்லத்தில் எவன் கைவைத்தான் என்று மணியக்காரரைப் பார்த்தார். மணியக்காரர் வயிரவனைக் கைகாட்டினார்.

வயிரவன் முன்னே வந்து, வெல்லம் சரியாக ஒன்றரை மணங்கு, ஒரு பொடி குறையவில்லை, சென்ற ஐப்பசியில் இளவரசியின் அளவு அதுதான் என்று பணிவாகச் சொன்னான். கூட்டி வைக்கத் தனக்குத் துணிச்சல் இல்லை என்றும் சொன்னான். கோட்டைக்குள் வாழும் எந்தக் குழந்தைக்கும், எந்த அளவுக்கும் விலக்கில்லை என்பது ஆணை.

"வெல்லத்தின்மேல் தப்பில்லை, மகாராஜா. தப்பு உட்கார்ந்திருப்பவர்மேல். ஆணையை இயற்றியவர் இங்கேயே இருக்கிறார். ஆணைக்குள் அடங்கும்படி இளவரசியாரை அவரே சரிசெய்து தரட்டும்."

எல்லோரும் அம்பலவாணரைப் பார்த்தார்கள். அவர் தராசின் அருகில் போனார். முதலில் இளவரசியின் ஒட்டியாணத்தைக் கழற்றச் சொன்னார். பிறகு கொலுசு. பிறகு வளையல். பிறகு தலையில் இருந்த தாழம்பூ. தட்டு அசையவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சற்றே மூச்சை அடக்கிக்கொள்ள முடியுமா தாயே என்று கெஞ்சினார். செங்கமலம் இரண்டு கன்னத்தையும் உப்பவைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன்னால் முடிந்தவரைக்கும் அடக்கிப் பார்த்தாள். பிறகு மூச்சை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "மாமா, காலையில நெய்ப்பொங்கல் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதனாலயா?"

அம்பலவாணரின் கை தராசுச் சங்கிலியிலேயே நின்றுவிட்டது. அந்தக் குழந்தை தன்னால்தான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்தில் முதல்தடவையாகக் கணக்கில் எழுதாத ஒன்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"இல்லை தாயே, பொங்கலால் இல்லை" என்றார். அரசர் பக்கம் திரும்பினார். "இளவரசி வளர்ந்திருக்கிறார்கள், மகாராஜா."

"எப்படி வளர்வார்கள்?" என்றான் வயிரவன். "இந்த ஒரு வருஷமாக அவர்களை ஒருவரும் நிறுக்கவில்லையே. அளக்காமலேயா வளர்ந்தார்கள்?"

அரசர் வெல்லத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அம்பலவாணரைப் பார்த்தார். அரசரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பெருமையா கேலியா என்று பிரிக்க முடியாத ஒரு சிரிப்பு மண்டபம் முழுக்க எதிரொலித்தது. அப்பா சிரிப்பதைப் பார்த்துச் செங்கமலமும் சிரித்தாள். தட்டு ஆடியது.

சிரிப்பு அடங்கியதும், மற்றப் பிள்ளைகள் எப்படி என்று அரசர் கேட்டார்.

"அவர்களும் குற்றவாளிகள்தான். சோறு போட்டால் வளர்ந்துவிடுகிறார்கள். யானைப்பாகன் மகன் நாலு விரல் வளர்ந்துவிட்டு, அந்தச் சட்டையோடு மழையில் நனைந்து, காய்ச்சலில் கிடக்கிறான்."

 அரசர் வைத்தியரை அப்போதே யானைக் கொட்டாரத்துக்கு அனுப்பினார். ஆணையை வாங்கித் தம் கையாலேயே கிழித்தார். பொன்தகடு காத்திருக்கட்டும், அதற்கு ஒதுக்கியதிலிருந்து நூறு பொன்னை உடுப்புக்கு எடு என்றார். தம் கைக் கடகத்தைக் கழற்றி வயிரவனுக்குப் போட்டார். இத்தனைக்கும் நீ என்னிடம் கூடுதலாக ஒரு காசு கேட்கவில்லையே என்றார். கேட்கக்கூடாது என்பது ஆணை, மகாராஜா, என்றான் அவன். எட்டு வீசை ஒரு மணங்கு என்ற கணக்கில், மேலும் ஒன்றரை வீசை வெல்லம் சேர்த்து வைத்தபிறகு தட்டு சமமானது. அம்பலவாணருக்கு என்ன தண்டனை என்று அவையோர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அளவெடுக்கும்போது கயிற்றின் மறுமுனையை அவர்தான் பிடிக்க வேண்டும் என்று அரசர் சொன்னார்.

பிடித்தார். முதல்நாள் விறைப்பாக நின்று பிடித்தார். இரண்டாம் நாள் தரையில் உட்கார்ந்து பிடித்தார். அதற்கப்புறம் அவர் முதுகில் ஒரு பிள்ளை இல்லாமல் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

கனத்த மழை வருவதற்குள் தைத்து முடித்தார்கள். வயிரவன் சபையில் எழுந்து கணக்கு ஒப்பித்தான்.

"வரவு நூறு பொன். கனத்துணி வாங்கியது அறுபத்தெட்டு. நூலும் தையற்கூலியும் இருபத்தொன்று. தையற்காரர்களுக்குச் சுக்குக் காப்பியும் சுண்டலும் மூன்று. பொக்கிஷ அதிகாரியின் மேலாடையில் பிள்ளைகள் மூக்குத் துடைத்ததற்கு வெளுப்புக் கூலி ஒன்று. கோட்டைக்கு வெளியே இருந்து வந்து வரிசையில் நின்ற பிள்ளைகள் ஏழு பேர், துரத்த மனம் வரவில்லை, ஏழு. ஆக நூறு."

"நான்தான் வரிசையில் நிற்கச் சொன்னேன்" என்றார் அம்பலவாணர். பிறகு பழைய வழக்கம் விடாமல் கேட்டார்: "துணி கொஞ்சம் கூடுதலாக வாங்கியிருக்கிறாயே. மிச்சம் எங்கே?"

"எல்லாச் சட்டையின் கீழ்விளிம்பிலும் உள்ளே மடித்துத் தைத்திருக்கிறது. அடுத்த ஐப்பசியில் பிரித்துவிட்டால் போதும், புதிது வேண்டாம். அதுவரை அது பிள்ளைகள் பேரில் பற்று. நிலுவை, தலைக்கு நாலு விரல். வளர்ந்து தீர்ப்பார்கள்."