ஆட்காட்டியும் வெண்கிளிகளும்

நாணல்குளம் காட்டில் தித்தி என்றோர் ஆட்காட்டிக் குருவி இருந்தாள்.

குளத்துக்குத் தெற்கே ஒரு சரளை மேடு. மரம் கிடையாது, நிழல் கிடையாது. அங்கேதான் அவள் இருப்பு. ஆனால் அந்த மேட்டில் நின்றால் காட்டுக்குள் வரும் மூன்று பாதைகளும் தெரியும். புலியோ செந்நாயோ தலைகாட்டினால் போதும், "தித்தித்தீ! தித்தித்தீ!" என்று கத்துவாள். அதைக் கேட்டு மருத மரத்தில் இருக்கும் வால்நீட்டி என்ற குரங்கு, "கக்! கக்!" என்று இருமுவான். அவன் இருமலைக் கேட்டுக் காட்டுக்கோழிகள் கொக்கரிக்கும். மான்கள் தரையை உதைத்துவிட்டு ஓடும். சற்று நேரத்தில் மலையடிவாரம் வரைக்கும் சேதி போய்விடும்.

தித்தியைத் தேடி யாரும் அந்த மேட்டுக்கு வருவதில்லை. வெயிலில் யார் வருவார்கள்? அவளுக்கு அதில் வருத்தமில்லை. கத்தினால் பதில் குரல் வருகிறதே, அந்தத் துணை அவளுக்குப் போதும்.

ஒரு கோடையில் கடல் தாண்டி வெண்கிளிகள் வந்தன. பால் போன்ற இறகு, மஞ்சள் கொண்டை. அவற்றின் தலைவன் பெயர் ஸர்க்கோ. அவன் குளக்கரைக்கு எல்லோரையும் கூப்பிட்டான்.

"உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கிறோம்! இனிமேல் காவல் எங்கள் பொறுப்பு. மரத்துக்கு ஒரு கிளி உட்காரும். எங்கே ஆபத்து, எங்கே மழை, எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது, எல்லாவற்றையும் உங்கள் காதுக்கே கொண்டுவந்து தருவோம்!"

"பதிலுக்கு என்ன கேட்பீர்கள்?" என்றான் மான் கூட்டத்தின் தலைவன் புள்ளியன்.

"உட்காரக் கிளை, கொறிக்க நாலு பழம். அவ்வளவுதான்!"

உடனே செய்தும் காட்டினார்கள். மலை மேல் இருந்த ஒரு கிளி தன் பாஷையில் ஏதோ கத்தியது. மரத்துக்கு மரம் அந்தச் சத்தம் தாவியது. "மலைச்சரிவில் நாவல் பழுத்திருக்கிறது!" என்று கடைசிக் கிளி சொல்லி முடிப்பதற்குள் வால்நீட்டி பாதி தூரம் போய்விட்டான்.

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். தித்தி மட்டும் முன்னால் வந்தாள்.

"அண்ணே, நீங்கள் உங்களுக்குள் பேசுவது எங்களுக்குப் புரியவில்லையே. அந்தப் பாஷையை எங்களுக்கும் சொல்லித் தருவீர்களா?"

"அது முடியாதம்மா. அது கடலுக்கு அப்பால் இருக்கும் எங்கள் பெரியவருக்குச் சொந்தம்."

"அந்தப் பெரியவர் ஒருநாள் பேசாதே என்று சொல்லிவிட்டால்?"

ஸர்க்கோ சிரித்தான். "அவர் ஏன் அப்படிச் சொல்லப்போகிறார்?"

மான்களும் சிரித்தன. தித்தி தலை குனிந்துகொண்டாள்.

அடுத்த நாளே கிளிகள் ஒவ்வொரு தாய் மானிடமும் போய், "உன் குட்டி எந்தப் புதரில் இருக்கிறது? தெரிந்தால்தான் முதலில் உனக்குச் சொல்ல முடியும்" என்று கேட்டன. எல்லாத் தாய்களும் சொன்னார்கள். புள்ளியனின் தங்கை அல்லி கூடவே போய்ப் புதரைக் காட்டிவிட்டு வந்தாள். பிறகு புதிதாகக் குட்டி பிறக்கும்போதெல்லாம் அப்படியே சொல்லி வந்தார்கள்.

கிளிகள் வேலையில் குறை வைத்தன என்று சொல்ல முடியாது. அந்த வருஷம் முழுக்க ஒரு புலி கூட அவற்றின் கண்ணுக்குத் தப்பவில்லை. தித்தியோ முன்பெல்லாம் கீரியைப் பார்த்தும் கத்தியிருக்கிறாள். மிதந்து வந்த கட்டையை முதலை என்று நினைத்துக் காட்டையே கலைத்திருக்கிறாள். அது அவளுக்கே தெரியும்.

அதனால் புள்ளியன் வந்து சொன்னபோது அவளால் மறுத்துப் பேச முடியவில்லை.

"தித்தி, தப்பாக நினைக்காதே. இனி நீ கத்த வேண்டாம். இரண்டு பக்கமும் குரல் கேட்டால் குட்டிகள் மிரளுகின்றன."

"சரி, அண்ணே."

"வேண்டுமானால் குளக்கரைக்கு வந்து எங்களோடு இரேன்."

"இங்கேயே பழகிவிட்டது, அண்ணே."

அவன் போய்விட்டான். தித்தி மேட்டிலேயே நின்றாள். பாதைகளைப் பார்ப்பதை அவளால் விட முடியவில்லை. ஒருநாள் பழக்க தோஷத்தில், "தித்தித்தீ!" என்று கத்திவிட்டாள். கத்திவிட்டுக் காது கொடுத்தாள். வால்நீட்டி இருமவில்லை. கோழிகள் வாய் திறக்கவில்லை. காற்று மட்டும் நாணலில் சரசரத்தது. பாதையில் புலி நிற்பதைப் பார்க்கும்போதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

மேட்டுக்குப் பக்கத்திலிருந்த மருத மரத்தில் இப்போது மீலா என்ற கிளி உட்கார்ந்திருந்தாள். காவலில் இருக்கும் கிளி மரத்தை விட்டு இறங்கக் கூடாது. அதனால் அவளுக்கும் யாரும் துணையில்லை.

"உனக்குக் கூட்டாளிகள் யாரும் இல்லையா?" என்று ஒருநாள் மீலா கேட்டாள்.

"எல்லோரும் இருக்கிறார்கள். யாரும் பேசுவதில்லை. உனக்கு?"

"நான் பிறந்த மரம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று இப்போது எனக்கே தெரியாது."

அதற்குப் பிறகு இருவரும் தினமும் ரெண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள்.

மறு கோடை வந்தது. காடு காய்ந்தது. குளக்கரை அத்தித் தோப்பில் மட்டும்தான் பழம் இருந்தது. ஸர்க்கோ புள்ளியனிடம் வந்தான்.

"எங்கள் பெரியவர் அத்தித் தோப்பு முழுவதையும் கேட்கிறார்."

"தோப்பைக் கொடுத்துவிட்டால் மந்திகளும் மற்றப் பறவைகளும் எதைத் தின்னும்? அது மட்டும் முடியாது!"

"அப்படியா? சொல்லிவிடுகிறேன்" என்றான் ஸர்க்கோ. அவன் கோபப்படவே இல்லை.

சில நாள் கழித்து, விடிந்தும் விடியாத வேளை. தித்தி வழக்கம் போல, "மீலா, எழுந்துவிட்டாயா?" என்றாள். மீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன், உடம்புக்கு என்ன?"

"என்னை எதுவும் கேட்காதே, தித்தி."

அப்போதுதான் மேற்குப் பாதையில் புழுதி தெரிந்தது. செந்நாய்கள்! மொத்தம் ஆறு!

"மீலா! பார்த்தாயா? சொல்லு, சீக்கிரம் சொல்லு!"

"பார்த்தேன். பேசக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது."

"குட்டிகள் படுத்திருக்கின்றனவே!"

"எந்தப் புதரில் என்றுகூட எனக்குத் தெரியும்" என்றாள் மீலா. ஆனால் அதற்கு மேல் அவள் அலகு திறக்கவில்லை.

தித்தி தொண்டை கிழியக் கத்தினாள். பதிலில்லை. காவல் வேலை போனதிலிருந்து வால்நீட்டி தோப்புக்குள் உண்டு உறங்கிக்கொண்டிருந்தான். அவள் பறந்து போய் மான் கூட்டத்தின் தலைக்கு மேலேயே வட்டமிட்டாள்.

"செந்நாய்! மேற்கே செந்நாய்! ஓடுங்கள்!"

மான்கள் தலை தூக்கின. மரத்தில் இருந்த கிளியைப் பார்த்தன. கிளி பேசாமல் இருந்தது.

"ஆபத்து என்றால் கிளி சொல்லியிருக்குமே! தித்தி மறுபடி ஆரம்பித்துவிட்டாள்" என்றது ஒரு மான். எல்லாம் மறுபடி மேயத் தொடங்கின.

தித்தி திரும்பினாள். செந்நாய்களுக்கு நேர் எதிரே போய் இறங்கினாள். ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, அடிபட்டவள் போலத் தத்தித் தத்தி நடந்தாள். முதலில் வந்த நாய் பாய்ந்தது. ஒரு முழம் எழும்பித் தப்பினாள். மறுபடி விழுந்தாள். நாலு நாய்கள் அவள் பின்னால் சரளை மேட்டின் மறுபக்கம் ஓடின. அவற்றைத் தூரமாக இழுத்துக்கொண்டே போனாள். ஒருமுறை ஒரு நாயின் வாய் அவள் சிறகைப் பிடித்தது. பாதி இறகு அதன் பல்லிலேயே தங்கிவிட்டது.

மற்ற இரண்டு நாய்களும் ஏமாறவில்லை. நேராகப் புதர்களுக்குப் போயின.

ஒரு குட்டி அலறியது. அந்த அலறலில்தான் காடு விழித்தது. மான்கள் சிதறி ஓடின. மற்றக் குட்டிகளெல்லாம் தப்பின. அலறியது அல்லியின் குட்டி.

வெயில் ஏறியதும் புள்ளியன் ஸர்க்கோவிடம் போனான்.

"ஏன் சொல்லவில்லை? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

"நாங்கள் யாரையும் கடிக்கவில்லையே! பேசாமல் இருந்தோம், அவ்வளவுதான். தோப்பைக் கொடுங்கள், நாளைக் காலையிலேயே பேசுகிறோம்."

புள்ளியன் வால்நீட்டியைத் திரும்பிப் பார்த்தான். "நீ இருமு, பார்ப்போம்!" வால்நீட்டி இருமிப் பார்த்தான். ஏப்பம்தான் வந்தது. போன வருஷம் பொரித்த காட்டுக்கோழிகளுக்கோ எச்சரிக்கைக் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை.

"இருந்தாலும் தோப்பைத் தரமாட்டோம்" என்றான் புள்ளியன். "இன்று தோப்பைக் கேட்பீர்கள். நாளை குளத்தைக் கேட்பீர்கள். நீங்கள் பழம் தின்னலாம், பாடலாம், மழை வருவதைச் சொல்லலாம். காவல் இனி உங்களிடம் இல்லை!"

பாதிக் கிளிகள் அன்றே கிளம்பிவிட்டன. மீலாவும் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளாமல் போனாள். தித்திக்கு அதுவும் வலித்தது.

வால்நீட்டியும் கோழிகளும் குரல் பழகி, பழைய எச்சரிக்கைச் சங்கிலி மறுபடி ஓடுவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. அதுவரை யாருக்கும் நிம்மதியான தூக்கமில்லை. அதற்குள் இன்னும் ஒரு மான் போயிற்று.

ஒருநாள் பிற்பகல் அல்லி தனியாகச் சரளை மேட்டுக்கு வந்தாள். தித்தியின் சிறகில் இறகு இன்னும் முழுதாக முளைத்திருக்கவில்லை.

"அன்றைக்கு நீ என் தலைக்கு மேலே பறந்து கத்தினாய், இல்லையா?" என்றாள் அல்லி.

"கத்தினேன்."

"எனக்குக் கேட்டது, தித்தி. நன்றாகவே கேட்டது. கிளியைப் பார்த்தேன். அது பேசாமல் இருந்தது. மறுபடி புல்லைக் கடித்தேன்."

தித்தி ஒரு அடி நகர்ந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

உதவியை யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளலாம்; ஆனால் உயிரைக் காக்கும் காவலை, வேறொருவர் உத்தரவுக்கு வாய் மூடிக்கொள்கிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, நம் சொந்தக் குரலை மறந்துவிடக் கூடாது.