பலகைக்கு முதுகு காட்டியவர்

இதை எனக்கு முதலில் சொன்னவர் மரகதவல்லி; எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. கூடைப்பந்து ஆட்டங்களில் மேசையருகே அமர்ந்து புள்ளித்தாள் எழுதுவதில் எங்கள் மாவட்டத்தில் அவருக்கு நிகரில்லை. இக்கதையில் வரும் ஆட்டங்கள் இரண்டு. இரண்டுக்கும் தாள் எழுதியவர் அவரே.

சீடர் சொன்னார்:

“வாத்தியாரே, நாளைக்கு எனக்குக் கடைசி ஆட்டம். இருபத்தாறு வருசத்துல ஒரு ஆட்டத்தைக்கூட நான் நிம்மதியாப் பார்த்ததில்லை. நாளைக்காவது பார்க்கணும்.”

ஆசான் ஏணியின் மேல் நின்று, வளையத்தில் புது வலை கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏணியைப் பிடிங்க, அண்ணாச்சி,” என்றார்.

சீடர் பிடித்தார்.

*

சீடர் தனுஷ்கோடி. கல்லூரிப் பயிற்றுநர். வயது ஐம்பத்தெட்டு. வென்ற கோப்பைகள் பதினேழு.

ஆசான் சந்தியாகு. சீடரைவிட நான்கு வயது இளையவர். ஒரு காலத்தில் வேறொரு கல்லூரியின் பயிற்றுநர். இப்போது ஊர்த்திடலில், வருகிறவர்களுக்கெல்லாம் பந்தெறியக் கற்றுக்கொடுப்பவர்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் இருவரும் ஓர் இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்றார்கள். தனுஷ்கோடியின் அணி ஒரே புள்ளியில் வென்றது. அந்த மாதமே அவருடைய வேலை நிரந்தரமாயிற்று. அந்த மாதமே சந்தியாகுவின் வேலை போயிற்று.

சில வாரங்கள் கழித்துத் தனுஷ்கோடி சந்தியாகுவைத் தேடிப் போனார். ஒன்று சொல்லப் போனார். சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

“என் பையன்க ஒருத்தனுக்கொருத்தன் பந்தைக் கொடுக்க மாட்டேங்கிறாங்க. என்ன செய்ய?”

“ஒரு வாரம் பந்தில்லாம ஆடச் சொல்லுங்க.”

ஒரு வாரம் பந்தில்லாமல் ஆடினார்கள். எட்டாம் நாள் பந்து தானாகக் கைமாறியது.

அதன்பின் தனுஷ்கோடி ஆண்டுதோறும் போனார். ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்லப் போனார். ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்டுத் திரும்பினார். இப்படித்தான் அவர் சீடரானார்.

வென்றவன் தோற்றவனிடம் பாடம் கேட்பதைக் கண்டு ஊர் சிரித்தது. “குரு தம்பி, சீடன் அண்ணாச்சி. கலிகாலம்டே.”

*

ஆட்டத்தின்போது தனுஷ்கோடி தம் நாற்காலியைப் புள்ளிப்பலகைக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொள்வார். கடைசி இரண்டு நிமிடங்கள் தரையைப் பார்ப்பார். விசில் ஒலித்தபின், பையன்களின் முகம் பார்த்தே முடிவை அறிவார்.

“சார், புள்ளி எவ்வளவு?” என்று மாணவர்கள் வேண்டுமென்றே கேட்பார்கள்.

“ஆடுறவன் நீ. நீயே பாருலே.”

“நம்ம சாருக்குக் கண்ணு பின்மண்டையில இருக்கு,” என்பார்கள்.

அவரும் சேர்ந்து சிரிப்பார்.

*

“பலகையில அப்படி என்ன பயம்?” ஏணியின் மேலிருந்து ஆசான் கேட்டார்.

“எந்த ஆட்டத்துல பார்த்தாலும் ஒரே எண்ணுதான் தெரியுது.”

“என்ன எண்ணு?”

“அறுபத்தெட்டு, அறுபத்தேழு.”

மேலே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

“அது நான் தோத்த எண்ணாச்சே. அதை நீங்க எதுக்குச் சுமக்கிறீங்க?”

தனுஷ்கோடிக்கு ஓடிவிடத் தோன்றியது. ஆனால் கையை எடுத்தால் மேலிருப்பவர் விழுவார். ஏணியைப் பிடித்தபடி, கம்பத்தைப் பார்த்துச் சொன்னார்:

“இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினோம். ஆட்டம் தொடங்குன உடனே உங்க பையன் ஒரு கூடை போட்டான். கூட்டம் டீ கிளாசோட திரும்பி வந்துக்கிட்டிருந்த நேரம். நீங்க குனிஞ்சு ஒருத்தனுக்குக் கணுக்கால்ல துணி சுத்திக்கிட்டிருந்தீங்க. தாள் எழுதுன பொண்ணு வளையத்தைப் பார்த்தா. முதல் பாதியில அது நாங்க பந்து போட்ட வளையம். பழக்கத்துல அந்த ரெண்டு புள்ளியையும் எங்க பக்கம் எழுதிட்டா.”

“யாரும் பார்க்கலையா?”

“நான் பார்த்தேன்.”

ஆசான் வலையின் அடுத்த கண்ணியைக் கொக்கியில் மாட்டினார்.

“நடுவர் கையெழுத்துப் போடுற வரைக்கும் திருத்தலாம். அந்த விதி எனக்குத் தெரியும். மேசைக்குப் பக்கத்துலயே போனேன். அந்தப் பொண்ணு நிமிர்ந்து, ‘என்ன சார்?’னு கேட்டா. குடிக்கத் தண்ணி கேட்டேன்.”

மேலே ஒரு முடிச்சு பிசகியது. ஆசான் அதை அவிழ்த்து மறுபடியும் போட்டார்.

“கடைசியா ஒரு புள்ளிக்கான ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டது எங்க அணி இசக்கிமுத்து,” என்றார். “அது விழுந்திருந்தா சமம். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“இப்ப மின்வாரியத்துல லைன்மேன். முப்பதடிக் கம்பத்துல கூசாம ஏறுறான். பத்தடி வளையத்துக்குக் கீழ மட்டும் வர மாட்டான். தன்னாலதான் எனக்கு வேலை போச்சுன்னு நினைப்பு.”

தனுஷ்கோடியின் நெற்றி ஏணிப்படியில் பதிந்தது.

“என் மேல கோபமில்லையா, வாத்தியாரே?”

“இருக்கு. ஏணியில நிக்கிறவன் கோபப்படக் கூடாது.”

கடைசிக் கொக்கியில் வலையை மாட்டிவிட்டு இறங்கினார். ஏணியை மடக்கினார். சுவரில் சாய்த்தார். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு எவ்வளவு திருப்பிக் கொடுக்கணும்னு நினைக்கிறீங்க?”

“ரெண்டு புள்ளி.”

“கணக்குத் தப்பு,” என்றார் ஆசான். “நாளைக்கு ஆட்டம் பார்க்க வாறேன். இசக்கிமுத்துவையும் கூட்டிட்டு வாறேன்.”

*

மறுநாள் மாலை இறுதியாட்டம். ஆணியில் தகர எண்களை மாட்டும் பழைய பலகை. அதன் கீழே மேசை. மேசையில் மரகதவல்லி.

முதல் பாதி முழுவதும் தனுஷ்கோடி வழக்கம்போல் முதுகு காட்டியே அமர்ந்திருந்தார்.

இடைவேளையில் கல்லூரிச் செயலாளர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

“நம் கல்லூரிக்கு முதல் கோப்பையைத் தந்த கைகள் இவை. ஒரே ஒரு புள்ளியில் அன்று வரலாறு படைத்தார்,” என்றார். ஒலிவாங்கியை நீட்டினார். “நாலு வார்த்தை பேசுங்க.”

தனுஷ்கோடி அதை வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனார். அதில் மாட்டியிருந்த எண்களைக் கழற்றத் தொடங்கினார்.

நடுவர் ஓடிவந்தார். “சார், என்ன பண்றீங்க? ஆட்டம் பாதியில நிக்குது.”

மரகதவல்லி தலை நிமிராமல் சொன்னார்:

“புள்ளி தாளில் இருக்கிறது. பலகையை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.”

தனுஷ்கோடி தம் கல்லூரிக்கு நேரே அறுபத்தெட்டு மாட்டினார். எதிரே அறுபத்தேழு மாட்டினார். பிறகு ஒலிவாங்கியில் பேசினார்.

“செயலாளர் சொன்ன ஆட்டத்தோட எண்ணு இது. இது தப்பு. சந்தியாகுவோட பையன் போட்ட கூடை எங்க பேர்ல ஏறிடுச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டுப் பேசாம இருந்தேன். எழுதுனவங்க மேல குத்தமில்லை. அவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.”

மரகதவல்லியின் பேனா கையிலேயே நின்றது. இருபத்தாறு ஆண்டுகளாகத் தம் தாளில் ஒரு பிழைகூட இல்லை என்று நம்பியிருந்தவர் அவர்.

செயலாளர் பொன்னாடைத் தட்டை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு அமர்ந்தார்.

தனுஷ்கோடி எதிரணியின் ஏழு என்ற எண்ணைக் கழற்றினார். ஒன்பதை மாட்டினார்.

அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது.

கூட்டத்தில் சந்தியாகு இருக்கும் இடத்தை அவர் பார்த்தார். சந்தியாகு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஒன்றை வாயில் போட்டார். இன்னொன்றை உரிக்கத் தொடங்கினார்.

தனுஷ்கோடி பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

பிறகு தம் அணியின் எட்டைக் கழற்றினார். தகர எண்களின் பெட்டியில் ஆறைத் தேடினார். இருந்த இரண்டு ஆறுகளும் ஏற்கெனவே பலகையில் தொங்கின.

“ஒரு ஆறு வேணும், டீச்சர்.”

மரகதவல்லி எழுந்தார். மிச்சமிருந்த ஓர் ஒன்பதை எடுத்தார். தலைகீழாகத் திருப்பி, தம் கையாலேயே மாட்டினார்.

அறுபத்தாறு, அறுபத்தொன்பது.

கடலை உரிக்கும் கை நின்றது.

பக்கத்தில் இருந்த இசக்கிமுத்து எழுந்து நின்றார். நரைத்த மீசையும் காக்கிச் சட்டையுமாக, வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்.

“வாத்தியாரே, மூணு புள்ளி வித்தியாசம்.”

“ஆமா.”

“அப்போ என் பந்து?”

“அது விழலை. பின்கால் தூக்காதேன்னு அன்னைக்கே சொன்னேன், நீ கேட்கலை. ஆனா விழாமலேயே நாம ஜெயிச்சிருக்கோம்.”

இசக்கிமுத்து உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார். பிறகு படியிறங்கி, இடைவேளையில் வெறுமையாகக் கிடந்த ஆடுகளத்துக்குள் நடந்து, வளையத்தின் நேர் கீழே போய் நின்று, வலையை அண்ணாந்து பார்த்தார்.

அவரை யாரும் விரட்டவில்லை. நடுவர்கூட விசிலை எடுக்கவில்லை.

*

மரகதவல்லி நடந்துகொண்டிருந்த ஆட்டத்தின் எண்களை மீண்டும் மாட்டினார். தனுஷ்கோடி நாற்காலியைத் தூக்கினார். பலகைக்கு நேர் எதிரே போட்டு அமர்ந்தார்.

“சார், கண்ணு முன்பக்கம் வந்துட்டு,” என்றான் அணித்தலைவன்.

“போலே. போய் ஆடு.”

அவருடைய அணி ஆறு புள்ளியில் தோற்றது. ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசி இரண்டு நிமிடங்கள் சுண்டல் வாங்கித் தின்றார். அவர் ஆட்டத்தின் நடுவே எதையும் தின்று அதுவரை யாரும் கண்டதில்லை என்றார் மரகதவல்லி.

கூட்டம் கலைந்தது. செயலாளர் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போனார். தனுஷ்கோடி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆசான் இறங்கி மேசையருகே வந்தார்.

“பார்த்தீங்களா, அண்ணாச்சி?”

“பார்த்தேன், வாத்தியாரே. நல்ல ஆட்டம்.”

“நேத்து ரெண்டுன்னு சொன்னீங்க.”

“உங்களுக்குச் சேர வேண்டியது ரெண்டு. எனக்குச் சேராதது ரெண்டு.”

“கூட்டிச் சொல்லுங்க. தாள் எழுதுறவங்க காதுல விழட்டும்.”

சீடர் மரகதவல்லியைப் பார்த்தார். அவர் பேனாவைத் திறந்தார்.

“நாலு புள்ளி.”